காடு காப்பாற்றியதா, தூரம் காப்பாற்றியதா?

பருவநிலை மாற்றத்தைப் பற்றி எழுதுகிறவர்களிடம் சில ஆண்டுகளாக ஒரு கருத்து வலுத்துவருகிறது: அச்சமூட்டியது போதும், இனி நம்பிக்கை தரும் கதைகளைச் சொல்வோம். உருகும் பனி, எரியும் காடு, மூழ்கும் தீவு என்று கேட்டுக் கேட்டு மக்கள் மனம் மரத்துப்போய்விட்டது. முயன்று மீண்ட ஊர்களைக் காட்டினால்தான் மற்றவர்களுக்கும் கை எழும் என்கிறார்கள். நானும் இந்தக் கட்சிதான். ஆனால், நம்பிக்கை தருகிறது என்பதற்காகவே ஒரு கதையைச் சோதிக்காமல் விட்டுவிடலாமா? நம் கடற்கரையில் 20 ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் அலையாத்திக் காட்டின் கதையை எடுத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

கதை பெரும்பாலோர் அறிந்ததே. 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தப் பேரழிவுக்கு நடுவே சில ஊர்கள் பெரிய சேதமின்றித் தப்பியதாகச் செய்தி வந்தது. பிச்சாவரத்தில் அலையாத்திக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் அவற்றில் சில. வேதாரண்யம் பக்கத்து நாலுவேதபதி இன்னொன்று. 2002 டிசம்பரில் ஒரே நாளில் 80,244 கன்றுகளை நட்டு கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த ஊர் அது. நட்டு இரண்டே ஆண்டில் அந்த மரங்கள் ஊரைக் காத்துவிட்டன என்று ஊர்க்காரர்களே சொன்னார்கள். வெளிநாட்டுச் செய்தியாளர்கள் வந்து கேட்டு எழுதினார்கள். மரத்தை நீ காத்தால் மரம் உன்னைக் காக்கும் என்று ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய கதை. அதனால்தான் அது அவ்வளவு தூரம் போனது.

அந்தக் கதை செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அதற்கு முன்னால் கழிமுகச் சேறு என்றால் பலருக்கும் கொசுவும் நாற்றமும்தான். எடுத்து இறால் பண்ணை போட்டால் காசு, விட்டால் வெறும் நிலம். ஆழிப்பேரலைக்குப் பிறகு அதே காட்டை அரண் என்று ஆட்சியரும் பேசினார், பள்ளிப் பிள்ளையும் பேசியது. 2022-இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபோது அதை எதற்குக் காக்க வேண்டும் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அறிக்கைகளும் கருத்தரங்குகளும் எட்டாத இடத்துக்கு ஒரு கதை எட்டியிருக்கிறது.

அச்சத்தின் குறையும் உண்மைதான். 2024-இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த ஆய்வொன்று 63 நாடுகளில் 59,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 11 வகை உத்திகளைச் சோதித்தது. பேரழிவைச் சொல்லிக் கலங்கவைத்தால் மக்கள் அதைச் சமூக ஊடகத்தில் அதிகம் பகிர்ந்தார்கள். ஆனால் மரம் நடுவதற்காகத் திரையில் எண்களைத் தேடும் சலிப்பான வேலையைக் கொடுத்தபோது, அதே கலக்கம் அவர்களின் உழைப்பைக் குறைத்தது. இந்த ஆய்வை நம்பிக்கைக் கட்சிக்காரர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் மறுபாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த 11 உத்திகளில் ஒன்றுகூட அந்த உழைப்பைக் கூட்டவில்லை. வெறும் பேச்சு, எந்த நிறத்தில் இருந்தாலும், ஓரளவுக்கு மேல் ஆளை நகர்த்துவதில்லை.

இனி அலையாத்தியின் கணக்குக்கு வருவோம். 2005-இல் கதிரேசன், ராஜேந்திரன் என்ற இரு ஆய்வாளர்கள் பரங்கிப்பேட்டைக் கடற்கரையின் 18 குப்பங்களில் நேர்ந்த உயிரிழப்பை ஆராய்ந்து, காடு பாதிப்பைத் தணித்தது என்று எழுதினார்கள். அதே ஆண்டு 'சயின்ஸ்' இதழில் கடலூர்க் கரையின் செயற்கைக்கோள் படங்களை வைத்து மற்றொரு குழுவும் மரங்களுக்குச் சாதகமாக எழுதியது. அடுத்த ஆண்டே கெர், பெயர்டு, கேம்ப்பெல் மூவரும் முதல் ஆய்வின் அதே 18 குப்பங்களின் எண்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். கடலிலிருந்து குப்பம் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்ற இரண்டைக் கொண்டே உயிரிழப்பின் வேறுபாட்டில் 87 விழுக்காட்டை விளக்கிவிட முடிந்தது. அதற்கு மேல் மரங்களின் பங்கு என்று எஞ்சியது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

யோசித்தால் காரணம் புரியும். அலையாத்தி கழிமுகத்தின் உள்ளே வளர்வது. அதற்குப் பின்னால் இருக்கிற குப்பம் இயல்பாகவே கடலைவிட்டுத் தள்ளித்தான் இருக்கும். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் காடு இருந்தால் ஒரு கிலோமீட்டர் தூரமும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே வரும்போது உயிர் பிழைத்தவன் கண்ணில் படுவது மரம். தூரத்தை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. ஊர்க்காரர்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். அதைக் கேட்டு எழுதியவர்களும், எழுதியதைப் படித்துத் திட்டம் போட்டவர்களும்தான் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

அலையாத்தி எதையுமே தடுப்பதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. காற்றால் எழும் சாதாரண அலைகளை 100 மீட்டர் அகல அலையாத்தி 13 முதல் 66 விழுக்காடு வரை தணிக்கும் என்று பல நாட்டு அளவீடுகள் காட்டுகின்றன. புயலோடு உள்ளே ஏறும் கடல்நீரின் மட்டத்தை ஒரு கிலோமீட்டர் காடு சுமார் 5 முதல் 50 சென்டிமீட்டர் வரை குறைக்கும். கடல் மட்டம் உயர்ந்துவரும் காலத்தில் இது சிறிய உதவியா? நாள்தோறும் கரையை அரிக்கும் அலையை மட்டுப்படுத்துவதும், சேற்றைப் பிடித்து நிறுத்துவதும், இறாலுக்கும் நண்டுக்கும் நாற்றங்காலாக இருப்பதும் நூறாண்டுக்கு ஒருமுறை வரும் பேரலையைத் தடுப்பதைவிடப் பெரிய சேவைகள். பெரிய நாடகத்தைத் தேடிப்போன கதை இந்த அன்றாட நன்மையைக் கவனிக்காமல் விட்டது.

இதோடு நின்றிருந்தால் ஒரு மிகைப்படுத்தல் என்று மன்னித்துவிடலாம். நிற்கவில்லை. 'மரம் காக்கும்' என்ற ஒற்றை வரி 'உயிர்க் கவசம்' என்ற பெயரில் அரசுத் திட்டமாயிற்று. உலக வங்கிக் கடனுதவியில் நடந்த ஆழிப்பேரலை மறுசீரமைப்புப் பணிகளில் தமிழகக் கரையோரம் நெடுகச் சவுக்கு வைத்தார்கள். சவுக்கு அலையாத்தி அல்ல. அது சேற்றில் வளராது, மணலில் வளரும். மணலோ சும்மா கிடந்த இடமல்ல. நாகப்பட்டினம் கரையோர மணல் தேரிகளில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஊதா நிறப் பூவோடு அடப்பங்கொடி மணலைப் பின்னிப் படர்ந்திருக்கும், அதற்கு மேலே இராவணன் மீசை முள்ளுருண்டைகளோடு நிற்கும். காற்று கொண்டுவரும் மணலை இவை பிடித்துப் பிடித்துத்தான் தேரி ஆளுயரத்துக்கும் மேலே எழுகிறது. அந்தத் தேரியே கடலுக்கு எதிரான மேடு. மேற்சொன்ன கணக்கில் உயிர் காத்ததாகத் தெரியவந்த இரண்டில் ஒன்று, உயரம். தேரியின் அடியில் மழைநீர் தங்குவதால் கரையோர ஊர்களுக்கு நல்ல தண்ணீர் ஊற்றும் அங்கேதான் கிடைக்கும்.

சில இடங்களில் அந்தத் தேரியைச் சமன் செய்து சவுக்கை நட்டார்கள். சவுக்கின் ஊசிச் சருகு மெத்தைபோல மூடிய மண்ணில் அடப்பங்கொடி தழைப்பதில்லை. அலை ஏறும் கோட்டை ஒட்டி மரம் வந்துவிட்டால், திறந்த மணலைத் தேடிக் கரையேறும் பங்குனி ஆமைக்கு முட்டையிட இடம் சுருங்கும். மீனவருக்கும் இடைஞ்சல்தான். கரைவலை இழுக்க, கருவாடு காயவைக்க, படகை ஏற்றி நிறுத்த வெட்டவெளி வேண்டும். காடு காத்த கதையைக் கேட்டுவிட்டு, காக்கிற மேட்டை அழித்துக் காக்காத மரத்தை நட்டதாகச் சில இடங்களில் முடிந்தது. சுருக்கிச் சொன்ன நம்பிக்கையின் மிகப் பெரிய குற்றம் என்று நான் கருதுவது இதைத்தான்.

உடனே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தூரம்தான் காப்பாற்றியது என்ற சரியான முடிவும் கள்ளமற்றதாக இருக்கவில்லை. 2005 மார்ச்சில் வந்த அரசாணை, அலையேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் உள்ளே தள்ளிப்போகச் சம்மதித்தால் புது வீடு, விட்டுவரும் இடம் அரசுக்கு என்றது. கடலைப் பார்த்தபடி இருந்து நீரோட்டமும் காற்றும் கணிக்கிற தொழிலாளிக்கு அந்த 200 மீட்டர் தொழிலின் பகுதி. மீனவர் காலி செய்யும் கரை நாளை யார் கைக்குப் போகும் என்று அன்றைக்கே சங்கங்கள் கேட்டன. அறிவியல் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதை யார் எடுத்து யார்மேல் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் கதை சொல்கிறவர் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அலையாத்தியைப் பற்றி நம்பிக்கையோடு சொல்ல ஒரு கதை இருக்கிறது. பிச்சாவரத்தின் உண்மையான கதை 2004-க்கு முன்பே நடந்து முடிந்தது. ஆங்கிலேயர் காலம் தொட்டு அந்தக் காட்டைப் பட்டை பட்டையாக மொட்டையடித்து வெட்டினார்கள். காடு மீளவில்லை. ஆடு மாடு மேய்க்கிறவர்களும் விறகு பொறுக்குகிறவர்களும்தான் காரணம் என்று நெடுங்காலம் பழி சொல்லப்பட்டது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து மண்ணை ஆராய்ந்தபோது வேறு விடை கிடைத்தது. மரம் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்து ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது. மண் இறங்கித் தொட்டிபோலக் குழிந்திருக்கிறது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறி ஏறி எந்த விதையும் பிழைக்காத தரையாகியிருக்கிறது.

மருந்து எளியது. பெரிய கால்வாய் ஒன்று, அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு கால்வாய்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள் போன்ற அமைப்பு. ஏற்றத்தில் நீர் வந்து வற்றத்தில் திரும்பிப் போகிறது, போகும்போது உப்பையும் கொண்டுபோகிறது. கால்வாய்க் கரையின் சரிவில், ஏற்றநீர் தொட்டுச் செல்லும் உயரம் பார்த்து, வெண்கண்டல் கன்றுகளை வைத்தார்கள். உயரம் சற்றுத் தப்பினாலும் கன்று மூழ்கி அழுகும், அல்லது காய்ந்துபோகும். கிள்ளை வட்டாரத்தில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்த இருளர்கள் உள்ளிட்ட ஊர் மக்கள் கால்வாய் வெட்டவும் காவல் காக்கவும் கூட்டு மேலாண்மைக் குழுக்களில் சேர்ந்தார்கள். 1986-க்கும் 2002-க்கும் இடையே அங்கே காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, முதலில் ஒரு தவறான பழி நீங்குகிறது. அடுத்தது, எது ஏன் நடந்தது என்று இன்னொரு ஊர்க்காரர் கேட்டால் சொல்ல விடை இருக்கிறது. ஒரே நாளில் 80,000 கன்று என்பதை யாரும் திரும்பச் செய்யலாம், ஆனால் அதிலிருந்து கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. நீர் வந்துபோக வழிசெய் என்பதைக் கற்றுக்கொண்டால் வேறொரு கழிமுகத்தில் அதைப் பொருத்திப் பார்க்கலாம். ஆனாலும் பிச்சாவரம் என்றால் படகுச் சவாரியும் 'இதயக்கனி' படப்பிடிப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. மீன்முள் கால்வாயை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. சேற்றுக் கால்வாய் படத்தில் அழகாக இருக்காது. கன்றும் கையுமாக நிற்கும் பிள்ளைகள் அழகாக இருப்பார்கள்.

நீர் வழியை மறந்து கன்றை மட்டும் நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையே சாட்சி. ஆழிப்பேரலைக்குப் பிறகு அந்நாட்டுக் கரைகளில் நடந்த அலையாத்தி நடவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட்டதில் 200 முதல் 220 ஹெக்டேரே தேறியதாகச் சொல்கிறது. 67 நடவுகளில் 36-இல் ஒரு கன்றுகூட உயிரோடில்லை. இடம் பொருந்தாதது, இனம் பொருந்தாதது, நட்ட பிறகு திரும்பிப் பார்க்காதது என்பவைதான் காரணங்கள். நட்ட நாளில் ஒவ்வொன்றும் ஒரு நம்பிக்கைச் செய்தியாகத்தான் வந்திருக்கும்.

நம் பக்கத்து முத்துப்பேட்டையிலும் சொல்லாமல் விடும் பகுதி உண்டு. அலையாத்திக்குக் கடல்நீர் மட்டும் போதாது, ஆற்றுநீரும் வண்டலும் வேண்டும். 1934-இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு காவிரியின் கடைமடைக்கு வந்து சேரும் நீர் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. உப்பைத் தாங்கும் ஓரிரு இனங்களே அங்கே ஓங்கி நிற்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் காட்டையே சின்னாபின்னமாக்கியது. காடு ஊரைக் காக்கும் என்று மட்டும் சொல்லிப் பழகியவர்களுக்கு, காட்டை யார் காப்பது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. அதற்கு விடை கடற்கரையில் இல்லை. ஆற்றின் மேலே, பல மாவட்டம் தாண்டி, மதகுகளில் இருக்கிறது.

இத்தனை நிபந்தனைகளோடு சொன்னால் நம்பிக்கையே போய்விடாதா என்று கேட்பார்கள். விவசாயியிடமோ மீனவரிடமோ பேசிப் பழகியவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். எந்த மழைக்கு எந்தப் பட்டம், எந்தக் காற்றுக்கு எந்த வலை என்று நிபந்தனையோடுதான் அவர்கள் வாழ்நாள் முழுவதும் நம்பிக்கை வைக்கிறார்கள். நிபந்தனை தெரிந்த நம்பிக்கை ஒரு தோல்வியில் உடைவதில்லை, எங்கே பிசகியது என்று பார்க்கத் தெரிகிறது. மரம் காக்கும் என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, மரம் காக்காமல்போன ஒரு புயலைப் பார்த்ததும் எல்லாமே பொய் என்று விட்டுவிடக்கூடும்.

இப்போது மத்திய அரசின் 'மிஷ்டி' திட்டம், 2023-இல் தொடங்கி, நாடு முழுவதும் 540 சதுர கிலோமீட்டர் அலையாத்தியை நோக்கி நகர்கிறது. தமிழகக் கரையிலும் நடவு நடக்கிறது, செய்திகளும் வருகின்றன. அந்தச் செய்திகளை எழுதுகிறவர்கள் எத்தனை லட்சம் கன்று என்று கேட்பதோடு, நட்ட இடம் முன்பு என்னவாக இருந்தது, ஏற்றநீர் அங்கே எந்த உயரம் வரை வருகிறது, அந்த இடத்தில் இதற்கு முன் யார் இறால் தடவினார்கள் என்றும் கேட்க வேண்டும். மீன்முள் கால்வாய் வண்டலால் தூர்ந்துபோகக் கூடியது, அதைத் திரும்பத் திரும்பத் தூர்வார வேண்டும். நடவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஐந்தாம் ஆண்டின் தூர்வாரலுக்கு எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணும் செய்தியில் வர வேண்டும்.