நெற்றியில் ஒரு விளக்கு

2019இல் சீனாவின் ஜின்ஹுவாவில் ஒரு பள்ளியில் பிள்ளைகளின் நெற்றியில் பட்டை மாட்டினார்கள். கவனித்தால் சிவப்பு விளக்கு, கவனம் சிதறினால் நீலம். விவரம் ஆசிரியருக்கும் போகும், பெற்றோருக்கும் போகும். எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்தினார்கள்.

இதை மனசைப் படிக்கும் கருவி என்று பலர் பயப்படுகிறார்கள். என் பயம் வேறு. 1924இல் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலாக மனிதரிடம் பதிவுசெய்த மூளை மின்னலைகள் மைக்ரோவோல்ட் கணக்கில் சொல்லப்படுபவை. கண் சிமிட்டினாலே அவற்றைவிடப் பெரிய அலை எழும். இந்தக் குழப்பத்துக்கு 'கவனம்' என்று பெயரிட்டு மதிப்பெண் போடுகிறபோது பட்டை எதையும் படிப்பதில்லை. கவனம் என்ற ஒன்றை உற்பத்தி செய்கிறது.

நான் படிக்கையில் வாத்தியார் "எங்கடா பார்க்குற?" என்பார். "போர்டைத்தான் சார்" என்பேன். பொய்தான். அவர் நம்பலாம், அடிக்கலாம். ஆனால் என்னைக் கேட்டாக வேண்டும். பட்டை கேட்பதில்லை. என் சொல்லுக்கு அங்கே வேலையே கிடையாது. ஃபூக்கோ விவரித்த பெந்தமின் சிறையில் காவற்கோபுரம் கைதிக்கு வெளியே நின்றது. இங்கே கோபுரத்தையே பையன் தலையில் சுமக்கிறான். சிவப்பு எரிவதற்கான முகத்தைப் பழகிக்கொள்வான்.

சம்மதமின்றி மூளை மின்சோதனை செய்வது ஒருவரைத் தனக்கெதிராகவே சாட்சி சொல்ல வைப்பது என்று 2010இல் செல்வி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு உள்ள அந்த மௌனம், ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற பிள்ளைக்குக் கிடையாதா?