நொதித்தலும் புளித்தலும்: குடல் நுண்ணுயிரி வகைப்பாட்டுக் கலைச்சொற்கள் குறித்த ஒரு திறனாய்வு

குடல் நுண்ணுயிரிகளைப் பிரித்தறிய ஆய்வுக்கூடம் எழுப்பும் வினாக்கள் இரண்டு: எந்தச் சர்க்கரையைச் சிதைக்கிறது, எந்த எதிர்ப்பொருளோடு திரள்கிறது. முதல் வினாவுக்குத் தமிழில் வழங்கும் ‘நொதித்தல்’ என்னும் ஒற்றைச் சொல் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சர்க்கரைக் கரைசலில் கவனிக்கப்படுவன அமிலமும் வாயுவும். அமிலத்தை நிறமாற்றம் காட்டும். வாயுவைக் கவிழ்த்து வைத்த டர்ஹாம் குழாயில் தேங்கும் குமிழி காட்டும். டைபாய்டு நுண்ணுயிரி குளுக்கோசிலிருந்து அமிலம் மட்டுமே தரும். பாராடைபாய்டு ஏ பொதுவாக இரண்டையும் தரும். ‘நொதித்தது’ என்றெழுதினால் இவ்வேறுபாடு மறைகிறது. நெல்லை அடுக்களை இதை மறைப்பதில்லை. அங்கே மாவு புளிப்பது வேறு, பொங்குவது வேறு. பொங்காமலே புளித்த மாவை அறியாத வீடு உண்டா? துல்லியம் கருதி வீட்டுச் சொல் விலக்கப்பட்டது எனில், இழந்ததும் அத்துல்லியமே.

1905இல் மக்கான்கி, லாக்டோசைச் சிதைப்பனவற்றைச் சுக்ரோசு, டல்சிட்டால் ஆகியவற்றின் துணையால் நான்காகப் பகுத்தார். வெப்பமண்டல நீர்நிலைகளைப் பற்றிய தம் 1912ஆம் ஆண்டு நூலில் கிளெமெஷா, இவ்வகைகள் வெயிலில் ஒரே வேகத்தில் மடிவதில்லை என வாதிட்டார். ஆகவே எண்ணிக்கையோடு வகையும் சொல்லப்பட வேண்டும்.

இரண்டாம் வினாவில் சிக்கல் வேறு. தமிழகத்தின் ‘எதிர்ப்பொருள்’ எதனை எதிர்ப்பது என்று சொல்வதில்லை; ஈழத்தின் ‘பிறபொருளெதிரி’ சொல்கிறது. (தன் உடலையே தாக்கும் எதிர்ப்பொருளும் உண்டென்பதால் அதுவும் முழுமையன்று.) 1896இல் வந்த விடால் சோதனையில் ‘ஓ’ திரட்சி குருணையாகவும் ‘எச்’ திரட்சி பஞ்சுபோலவும் தோன்றும். இரண்டையும் ‘திரட்சி’ என்றே எழுதுவது கண்ணால் கண்டதைக் கைவிடுவதாகும்.

தாமிரபரணி நீரைப் பற்றி எழுதுகையில் இத்தளர்ச்சி தீங்காகிறது. ‘மொத்தக் கோலிபார்ம்’ என்பதை ‘மலக்கிருமி’ என்று பெயர்ப்பது பிழை. மண்ணிலும் செடிகொடியிலும் வாழ்வனவும் அம்மொத்தத்தில் அடங்கும். ஏறத்தாழ 44.5 பாகை செல்சியசிலும் லாக்டோசிலிருந்து வாயு தருவனவே மலவழிக் கோலிபார்ம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வகைப்பாட்டில் குளிக்கும் நீருக்குரிய 100 மில்லிலிட்டருக்கு 500 என்னும் வரம்பு மொத்தக் கோலிபார்முக்கு உரியது. ஆற்றில் கழிவுநீர் கலப்பதை இவ்வேறுபாடு மறுக்கவில்லை. பெயர் பிழைத்தால் அக்குற்றச்சாட்டைத் தட்டிக்கழிக்க எதிர்த்தரப்புக்கு வழி கிடைக்கும். குறுக்குத்துறைப் படித்துறையில் முழுகி எழுபவருக்குச் சொல்லப்படும் எண் எந்த வகைக்கு உரியதென்று அதே வரியில் இருக்க வேண்டும்.