கப்பல் படம் போட்ட ஸ்டீமர், லயத்துச் சொக்கட்டில்

அட்டைப்பெட்டியில் நீலக்கடல், வெள்ளைக் கப்பல். மேல்தளத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாத சட்டையோடு ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். கொழும்பு புறக்கோட்டையில் வாங்கிய கையடக்க உடுப்பு ஸ்டீமர் இது. ஒரே அச்சில் வார்த்த சாமான் பல பெயர்களில் விற்பனையாவதால் பெயரைச் சொல்லிப் பயனில்லை. வேடிக்கை என்னவென்றால், படத்தில் இருக்கிற மாதிரிக் கப்பலுக்குள் இதைக் கொண்டுபோக விடமாட்டார்கள். கார்னிவல், ரோயல் கரீபியன் முதலான பெரிய கம்பெனிகள் இஸ்திரிப் பெட்டியையும் ஸ்டீமரையும் தடைப்பட்டியலில் வைத்திருக்கின்றன. ஏறும்போது பையைச் சோதிக்கிற இடத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள்.

2023 ஜூனில் கோர்டேலியா கம்பெனியின் 'எம்பிரஸ்' கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வரத் தொடங்கியது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தோடு இந்தியாவுக்குப் போன எங்கள் சொந்தத்துக்குள்ளும் அதிலிருந்து கப்பல் பேச்சு ஓயவில்லை. 1984 வரை தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் ஓடிய 'ராமானுஜம்' கப்பலில் தகரப்பெட்டியோடு போனவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது, இரவுச் சாப்பாட்டுக்கு எந்தச் சேலை, அது பையில் கசங்காமல் இருக்க என்ன வழி என்று போனில் கேட்கிறார்கள். இங்கிருந்து அவர்களோடு சேர்ந்து போக நினைக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார், டீச்சர். இந்த ஸ்டீமரைப் பாவித்துப் பார்த்தது பெரும்பாலும் அவருடைய அலுமாரியை வைத்துத்தான்.

முதலில் பெட்டியில் அச்சடித்திருக்கிற கணக்கு. 1200 வொட், நிமிடத்துக்கு 30 கிராம் ஆவி, தாங்கி 150 மில்லிலீற்றர். அறைச்சூட்டில் இருக்கிற ஒரு கிராம் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க ஏறத்தாழ 2,570 ஜூல் வேண்டும். 1200 வொட் என்றால் செக்கனுக்கு 1200 ஜூல். வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 28 கிராம்தான் வரும், அதுவும் ஒரு துளி சூடுகூட வீணாகாவிட்டால். ஆக, 30 கிராம் என்பது பௌதிகத்துக்கே பொருந்தாத கதை. கடையில் நின்றபடியே போனில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது: வொட்டை 43ஆல் வகுங்கள், வருகிற எண்ணுக்கு மேல் எந்த ஸ்டீமராலும் ஆவி தர முடியாது. 1000 வொட் சாமானில் 35 கிராம் என்று அச்சடித்திருப்பதையும் பார்த்தேன். விற்கிற தம்பியிடம் சொன்னால், "அது கம்பெனி போட்டது சேர்" என்பார்.

இனி வேலை எப்படி என்று பார்ப்போம். ஸ்தோப்பில் ஆணியடித்து ஹேங்கரில் ஜோர்ஜெட் சேலையைத் தொங்கவிட்டோம். ஒரு கையால் கரையைப் பிடித்து இறுக்கமாகக் கீழே இழுக்க வேண்டும், மறு கையால் ஸ்டீமரின் முகத்தைத் துணியில் பட்டும் படாமலும் கீழிருந்து மேலே கொண்டுபோக வேண்டும். இழுத்துப் பிடிக்காமல் வெறுமனே ஆவியை ஊதினால் சுருக்கம் பாதி போகும், பாதி அப்படியே நிற்கும். மடிப்புத்தடம் கண்முன்னே கரைவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பொலியெஸ்டர் நூல் எண்பது பாகை செல்சியஸ் அளவிலேயே இளகிக் கொடுக்கும் என்பதால் ஜோர்ஜெட், சிஃபோன், பொலியெஸ்டர் கலந்த பட்டு எல்லாவற்றுக்கும் இந்த ஆவி போதும். ஒரு சேலை முடிவதற்குத் தாங்கித் தண்ணீர் காணும். இரண்டாவதுக்கு மறுபடி ஊற்ற வேண்டும்.

சாய்த்தால்தான் சனியன் பிடிக்கிறது. முந்தானையின் மேல்பக்கத்துக்காகக் கையைத் திருப்பினால் ஆவியோடு கொதிநீரும் துப்புகிறது. அசல் பட்டில் அது விழுந்தால் வட்டமாகக் கறை நிற்கும். பட்டுக்குப் பாவிப்பதானால், ஆவி சீராக வரும்வரை ஒரு பழைய துணியில் ஊதிவிட்டு, நேராகப் பிடித்தபடி மட்டும் பாவியுங்கள்.

பருத்தி வேறு ஜாதி. நார்களுக்குள் இருக்கிற பிணைப்புகள் ஈரத்தில் அவிழ்ந்து, காய்கிறபோது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவத்தில் மறுபடி இறுகிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டி சூட்டோடு பாரத்தையும் வைத்து அந்த இடத்திலேயே காயவைத்துவிடுகிறது. ஸ்டீமர் ஈரத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது, காயவைப்பது காற்றின் பொறுப்பு. எங்கள் பக்கத்துக் காற்றோ அந்தப் பொறுப்பை ஏற்காது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கமும் லேசுப்பட்டதல்ல. அடைமழை நாளில் ஸ்டீம் பண்ணிய பருத்திச் சேலையை உடனே மடித்து அலுமாரியில் வைத்தால், அடுத்த கிழமை பூஞ்சண வாசனையோடுதான் வெளியே வரும். கொஞ்ச நேரம் ஃபேனுக்குக் கீழே தொங்கவிடாமல் தொடவே கூடாது.

பள்ளிக்கூட வெள்ளை யூனிஃபோர்மில் ஸ்டீமர் முழுத்தோல்வி. கொலர் படியாது, காற்சட்டை மடிப்பு நிற்காது, கஞ்சி போட்ட துணியில் பிசுபிசுப்புத்தான் மிச்சம். அந்த வேலைக்கு இன்னும் பழைய சிரட்டைக்கரிப் பெட்டியை யாராலும் அடிக்க முடியவில்லை. கரி நன்றாகக் கனிந்து சாம்பல் பூத்ததும் வாழை இலையில் ஒரு தரம் இழுத்துவிட்டுத் தேய்த்தால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். பொறி பறந்து சட்டையில் ஓட்டை விழுகிற ஆபத்து அதோடு சேர்ந்து வருவது. அடுத்த காம்பரா ஆயா இந்த ஸ்டீமரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னா இது, சோத்துப்பானை மூடியத் தொறந்தாப்புல பொகையுது, துணி எங்க தேயுது?" என்று கேட்டார். யூனிஃபோர்மைப் பொறுத்தவரை அவர் சொன்னதுதான் சரி.

தண்ணீர் விஷயத்தில் நமக்கு யோகம். அனுராதபுரம் பக்கத்துக் கடினநீரில் கேத்தலில் கல் படிகிற மாதிரி, ஸ்டீமரின் குழாயிலும் படிந்து அடைத்துவிடும். மலையடிவாரப் பீலித் தண்ணீரில் அந்தத் தொல்லை குறைவு. மழைக்குக் கலங்கி வருகிறபோது மட்டும் வடித்து ஊற்றினால் போதும்.

பெட்டியில் ஒரு வரிகூட எழுதாத விஷயம் கரண்ட். 1200 வொட்டை 230 வோல்டால் வகுத்தால் 5.2 அம்பியர். தோட்ட லயங்களில் இன்னும் கிடக்கிற பழைய உருண்டைத் துளைச் சொக்கட் 5 அம்பியருக்குச் செய்தது. 1000 வொட் சாதாரண இஸ்திரிப் பெட்டி 4.3 அம்பியரோடு அதற்குள் அடங்கிவிடும். ஸ்டீமர் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. சதுர முள் பிளக்கை எடப்டரில் செருகி, அதை உருண்டைச் சொக்கட்டில் செருகி, அதே வயரில் டீவியும் ஃபிரிட்ஜும் ஓடுகிற வீட்டில் நாங்கள் இதைப் போட்டபோது, தாங்கி காலியாவதற்குள் எடப்டரைக் கையால் தொட முடியவில்லை. நிறுத்திவிட்டு, 13 அம்பியர் சொக்கட் இருக்கிற வீட்டுக்குப் போய்த்தான் மிச்சத்தைச் செய்தோம். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று தைரியம் கொள்ள வேண்டாம். அது மின் ஒழுக்கைத்தான் பார்க்கும், இளகிப்போன சொக்கட் சூடேறுவதை அது கண்டுகொள்ளாது. லயன் குடியிருப்பில் தீ, காரணம் மின் கோளாறு என்று பத்திரிகையில் வருகிற செய்தியை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசைக்கே கூரை போகும்.

கப்பல்காரர்கள் ஸ்டீமரைத் தடுப்பதற்கும் காரணம் இந்த வரிசைதான். சுவரோடு சுவர் ஒட்டிய சிறிய அறைகள், பக்கத்து அறையில் தூங்குகிற ஆட்கள், ஓடிப்போக இடமில்லாத கடல். 2006 மார்ச்சில் ஜமேக்கா அருகே 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் பல்கனியில் பிடித்த தீ அறை அறையாகத் தாவியது. அணைக்காமல் வீசிய சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கும் என்றது விசாரணை. பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் அதே சாமானை மாட்டுகிற நமக்கு மட்டும் எவரும் தடைப்பட்டியல் தருவதில்லை. தோட்ட நிர்வாகமோ மின்சார சபையோ ஒரு துண்டுப் பிரசுரமாவது அடித்துக் கொடுக்கலாம். சீட்டுப் போட்டுச் சாமான் வாங்குகிற வீடுகளில் கேத்தல், ரைஸ் குக்கர், இப்போது ஸ்டீமர் என்று ஏறிக்கொண்டே போகிறது, வயரிங் மட்டும் அப்படியே கிடக்கிறது.

கப்பலுக்குப் போகிறவர்களுக்கு: பையில் பொலியெஸ்டர் கலந்த சேலையும் பின்னல் துணிச் சட்டையும் அதிகம் எடுங்கள், பருத்தியைக் குறையுங்கள். மடிக்காமல் உருட்டி வையுங்கள். அறைக்குப் போனதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் தொங்கவிடுங்கள். குளிக்கிறபோது அன்றிரவு உடுப்பைக் குளியலறைக் கொழுக்கியில் மாட்டிவைத்தால், வெந்நீர் ஆவி ஸ்டீமர் செய்கிற வேலையில் கணிசமான பங்கைச் செய்துவிடும். சின்னத் தெளிப்பான் போத்தலில் தண்ணீரோடு கொஞ்சம் கம்ஃபோர்ட் கலந்து, மெல்லிசாகத் தெளித்துக் கையால் நீவிவிட்டாலும் பருத்தி ஓரளவு படியும். பட்டில் தெளிக்க வேண்டாம். கார்னிவல் கப்பல்கள் பலவற்றில் பயணிகளே துவைத்து இஸ்திரி போட அறை இருக்கிறது. ரோயல் கரீபியனில் அது கிடையாது, காசு கொடுத்துத்தான் தேய்க்க வேண்டும். ஏறுவதற்கு முன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டலில் தங்குகிறவர்கள் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். 230 வோல்டுக்கு மட்டும் செய்த இந்தச் சாமான், அமெரிக்காவின் 120 வோல்ட் மாதிரியான இடங்களில் கால் பங்குக்குச் சற்று அதிகமான சக்தியில்தான் ஓடும். ஆவி வராது, வெந்நீர்தான் சொட்டும்.

வீட்டுக்கு வாங்குவதானால் 1200 வொட்டை விட்டுவிட்டு 800 வொட் ஸ்டீமரைத் தேடுங்கள். 3.5 அம்பியர்தான் இழுக்கும். ஆவி நிமிடத்துக்கு 19 கிராமைத் தாண்டாது, சேலை முடியக் கூடுதல் நேரம் எடுக்கும். யூனிஃபோர்ம் போடுகிற பிள்ளைகள் உள்ள வீடென்றால் அதுவும் தேவையில்லை, அதே காசில் நல்லதொரு இஸ்திரிப் பெட்டி வாங்கலாம். இந்த ஸ்டீமரை டீச்சர் அக்கா வைத்துக்கொண்டார், அவருடைய வீட்டில் 13 அம்பியர் சொக்கட் இருக்கிறது.