இருபத்தைந்து ஆண்டு நிற்கும் முழங்கால்

“மூட்டை மாற்றினால் எத்தனை வருஷம் வரும், டாக்டர்?” மூட்டுத் தேய்வினால் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. 2019ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வொன்று இதற்கு விடை கூறியது. முழு மூட்டும் மாற்றப்பட்ட முழங்கால்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 82, இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்திருக்கும். ஒரு பகுதி மட்டும் மாற்றப்பட்டவற்றுள் 70 நிலைத்திருக்கும். இந்த எண்களைத் தஞ்சை வட்டாரத்து நோயாளி எவ்வாறு பொருள் கொள்வது?

முதலில் ஆய்வின் சிறப்பைக் கூறிவிடுவோம். தேர்ந்த மருத்துவர்கள் தம் நோயாளிகளைப் பற்றித் தாமே எழுதும் குறிப்புகளில் வெற்றி மிகையாகத் தோன்றக்கூடும். இவ்வாய்வினரோ ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் தேசியப் பதிவேடுகளை நம்பினர். அங்கே எந்த மருத்துவமனையில் மறு அறுவை நடந்தாலும் அது பதிவாகும். ஆகவே இந்த எண் நேர்மையானது.

ஆனால் அது எதனை அளக்கிறது? செயற்கை மூட்டு மீண்டும் மாற்றப்படவில்லை என்பதை மட்டுமே. வலியோடு காலந்தள்ளுபவரும், மறு அறுவைக்குப் பணமின்றி வீட்டிலேயே இருந்துவிட்டவரும் இக்கணக்கில் வெற்றி பெற்றவர்களே! முழங்கால் மாற்றியவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீடித்த வலி எஞ்சுவதாக மேலை நாட்டு ஆய்வுகளே கூறுகின்றன.

வயதும் இங்கு முக்கியமானது. செயற்கை மூட்டின் உலோகப் பகுதிகளுக்கு இடையே பாலிஎதிலீன் தகடு உள்ளது. அது தேய்ந்து உதிரும் நுண்துகள்களை உடலின் அணுக்கள் விழுங்க முற்படும்போது, சுற்றியுள்ள எலும்பு அரிக்கப்பட்டு மூட்டு தளர்கிறது. உழைக்கும் காலம் நீளும்தோறும் இந்த அபாயமும் வளர்கிறது. 2017இல் வெளிவந்த மற்றொரு பிரிட்டிஷ் ஆய்வின்படி, எழுபது வயதுக்கு மேல் மூட்டு மாற்றியவர்களுள் நூற்றுக்கு ஐவருக்கே வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படும். ஐம்பதின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கோ அது 35.

இனிக் காவிரிப் பாசனப் பகுதிக்கு வருவோம். நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு எனக் குறுவையிலும் சம்பாவிலும் குனிந்தும் குந்தியும் உழைத்தவர்கள் இங்குள்ள மக்கள். சேற்றில் புதைந்த காலை இழுத்தெடுப்பதே முழங்காலுக்குப் பெரும் சோதனை. மாற்றிய முழங்கால் பெரும்பாலும் 110 முதல் 120 பாகை வரையே மடங்கும். குந்தி அமர 130 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். எனவேதான் தரையில் சம்மணமிடுதலையும் குந்துதலையும் மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்கின்றனர். நாற்காலியில் அமர்ந்து பணிபுரிபவருக்கு இது சிறு மாற்றம். நடவுக் கூலியை நம்பி வாழும் பெண்ணுக்கோ இது பிழைப்பையே மாற்றிக்கொள்வதாகும். மூட்டு நிலைத்து, வேலை போய்விட்டால், அதனை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பதிவேட்டில் அதற்குக் கட்டமே இல்லை.

நம் நாட்டில் சிகிச்சை பரவலாகி வருகிறது. 2017 ஆகஸ்டில் மைய அரசு, பெரிதும் பயன்படும் கோபால்ட்-குரோமியம் முழங்கால் மூட்டுக்கு 54,720 ரூபாய் என உச்ச விலை விதித்தது. தமிழகத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இச்சிகிச்சை இடம்பெற்றுள்ளது. இவை பாராட்டத்தக்கவை. ஆனால் கணக்கெடுப்பு பின்தங்கியுள்ளது. ஸ்வீடன் 1975இலேயே முழங்கால் பதிவேட்டைத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் மூட்டு அறுவை மருத்துவர் சங்கம் 2006இல் தொடங்கிய பதிவேடு, மருத்துவர்கள் தாமாக முன்வந்து அனுப்பும் விவரங்களைக் கொண்டது. தஞ்சையில் மாற்றிய மூட்டு சென்னையில் மீண்டும் மாற்றப்பட்டால், இரண்டையும் இணைத்துக் காட்ட உறுதியான ஏற்பாடு இல்லை.

இதனால் சிகிச்சையே வேண்டாம் என்பது பொருளன்று. நடக்க முடியாது முடங்கியவர் பலரை அது எழுப்பி நடக்க வைத்திருக்கிறது. நாம் வேண்டுவன இரண்டு. “எத்தனை ஆண்டு வரும்?” என்பதோடு, “என் வயதில் எப்படி? நான் செய்யும் வேலையை மீண்டும் செய்ய முடியுமா?” என்றும் நோயாளி கேட்க வேண்டும். காப்பீட்டுப் பணம் வழங்கும் அரசு, ஒவ்வொரு மூட்டையும் பதிந்து, ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் அந்த மனிதரிடம், “வலி உண்டா? வேலைக்குப் போகிறீர்களா?” என விசாரிக்க வேண்டும்.

மூட்டு எத்தனை ஆண்டு நின்றது என்பது பாதிக் கணக்கு. அதன்மேல் மனிதர் எவ்வாறு நின்றார் என்பதே மீதிக் கணக்கு.