பிறர் கடிதம்

எழுத்தாளர் ஒருவர் மறைந்த பின் அவருடைய கடிதங்களைத் தேடி எடுத்துப் பிரசுரிப்பது தமிழில் வழக்கமாகிவிட்டது. அந்நூல்களை நாமும் விரும்பி வாங்குகிறோம், விரும்பி வாசிக்கிறோம். எனினும், ஒருவர் மற்றொருவருக்கு மட்டும் என்று எழுதியதை ஊரார் அனைவரும் வாசிப்பது தகுமா என்னும் வினாவை நம் விமர்சகர்கள் எழுப்பக் காண்பது அரிது. அதனைச் சற்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு பாகுபாடு செய்துகொள்ள வேண்டும். கடித உருவில் இருப்பன யாவும் கடிதங்கள் ஆகா. மறைமலையடிகளின் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ கடித வடிவில் அமைந்த நாவல். டாக்டர் மு. வரதராசனாரின் ‘தம்பிக்கு’, ‘அன்னைக்கு’ முதலிய நூல்களும், அறிஞர் அண்ணா 1955 முதல் ‘திராவிட நாடு’ இதழில் தம்பிக்கு வரைந்த மடல்களும் ஒருவரை விளித்துப் பலருக்காக எழுதப்பட்டவை. அவற்றை வாசிப்பதில் எவருக்கும் கூச்சம் வேண்டியதில்லை.

புதுமைப்பித்தனின் ‘கண்மணி கமலாவுக்கு’ அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. 1906 இல் பிறந்து, 1948 இல் காசநோய்க்கு இரையான அவர், சென்னையிலிருந்தும், ‘ராஜமுக்தி’ படவேலைக்காகச் சென்ற புனாவிலிருந்தும் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களை இளையபாரதி தொகுத்து நூலாக்கினார். கதைகளில் எவரையும் எள்ளி நகையாடத் தயங்காத அப்பேனா, இங்கே கொஞ்சுகிறது. பணமுடையைச் சொல்லி வருந்துகிறது. பிரிவை எண்ணி ஏங்குகிறது.

இந்நூலின் பயனை நாம் மறுக்கவில்லை. எழுத்தையே நம்பி வாழப் புகுந்த ஒரு தமிழர் அதற்குக் கொடுத்த விலை என்ன என்பதற்கு இக்கடிதங்கள் சாட்சி. அது சமுதாயம் வெட்கத்தோடு அறிய வேண்டிய செய்தி. ஆனால், இக்கடிதங்களைத் துணைகொண்டு அவருடைய கதைகளுக்குப் பொருள் உரைக்கப் புகுவோரின் போக்கு நமக்கு உடன்பாடன்று. ‘செல்லம்மாள்’ கதையில், சென்னை ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை நோயாளியான மனைவிக்குப் பணிவிடை செய்கிறார். அக்கதையை உணர்வதற்கு ஆசிரியரின் குடும்பக் கடிதம் ஒன்றும் தேவையில்லை. அவர் அச்சுக்கு அனுப்பியது கதை. தபாலில் சேர்த்தது கடிதம். இவ்வேற்றுமையை மறப்பது விமர்சனம் ஆகாது.

இவ்வழக்கு புதியதுமன்று. இங்கிலாந்தில் கவிஞர் அலெக்ஸாண்டர் போப், தம் கடிதங்களை அனுமதியின்றி வெளியிட்ட எட்மண்ட் கர்ல் என்னும் புத்தக வியாபாரி மீது 1741 இல் வழக்குத் தொடுத்தார். கடிதம் பெற்றவருக்குக் காகிதம் சொந்தமாகலாம். அதிலுள்ள சொற்களைப் பிரசுரிக்கும் உரிமை எழுதியவரை விட்டு நீங்காது என்று ஹார்ட்விக் பிரபு தீர்ப்பளித்தார். இதே போப் 1735 இல் தம் கடிதங்கள் அதே கர்லின் கையில் சேருமாறு தாமே சூழ்ச்சி செய்தவர் என்பது வேடிக்கை. எழுத்தாளரின் நாணமும் சில வேளைகளில் விளம்பரந்தான்!

அத்தீர்ப்பு நல்ல தீர்ப்பே. ஆயினும் அது எழுதியவர், பெற்றவர் என்னும் இருவரை மட்டுமே அறிந்தது. கடிதத்தில் மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவரே அதிற் பேசப்பட்டவர். அவர் எழுதவுமில்லை, பெறவுமில்லை. வெளியானால் பெருந்துன்பம் பெரும்பாலும் அவருக்கே.

இதனை நாம் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. தோட்டத்துக் கிராணி வேலையில் கற்றோம். பிறர் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி எழுதுகிறோம். ஒரு சம்பள நாளில் மூதாட்டி ஒருவர் மருத்துவமனையிலிருந்து வந்த மலாய்க் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருக்கு மலாய் பேச வரும், வாசிக்க வராது. “கிராணி ஐயா, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றார். ஜன்னலண்டை பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தனர். உதவி செய்கிறோம் என்னும் பெருமிதத்தில் நாம் உரத்த குரலில் வாசித்துத் தமிழிலும் சொன்னோம். அவருடைய பேத்தி காசநோய்ப் பரிசோதனைக்கு வரவேண்டும் என்பதே செய்தி. மாலைக்குள் லயம் முழுவதும் அதே பேச்சு. மறுநாள் தொழிற்சாலை பஸ்ஸில் அப்பெண்ணின் பக்கத்தில் உட்கார ஒருவரும் முன்வரவில்லை. அவ்வாரமே அவள் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு நோய் இருந்ததா என்பது இங்கு எழுதத் தக்கதன்று. அன்றும் நாம் சொல்லத் தக்கதாக இருக்கவில்லை. மூதாட்டி நம்மை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால், அதன் பின் கடிதம் எதனையும் நம்மிடம் கொண்டுவரவுமில்லை.

“மறைத்து வைப்பது வைதிகரின் வேலை, அனைத்தையும் அம்பலப்படுத்துவதன்றோ சீர்திருத்தம்?” என நம் இயக்க அன்பர்கள் வினவலாம். கோயில் பணத்துக்கும் சங்கத்தின் சந்தாவுக்கும் கணக்குக் காட்டாதவனை அம்பலத்தில் நிறுத்துங்கள்; நாமும் உடன் நிற்போம். அது பொதுச்சொத்து. ஓர் ஏழைப் பெண்ணின் உடல்நோயும் கணவன் மனைவியின் ஊடலும் பொதுச்சொத்து அல்ல. சுயமரியாதை பேசுவோர் பிறருடைய மரியாதையைக் காக்கவும் கடமைப்பட்டவர்கள். புறங்கூறாமைக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்ததை நினைவூட்டவும் வேண்டுமோ?

கடிதம் தொகுப்போர்க்கு நல்லதொரு முன்மாதிரி உண்டு. ஜெர்மன் மொழியில் எழுதிய காப்கா, மிலேனா என்னும் பெண்மணிக்கு வரைந்த கடிதங்கள் 1952 இல் முதன்முதலாக வெளிவந்தன. அன்று உயிருடனிருந்த சிலரைப் புண்படுத்தக்கூடிய பகுதிகளைத் தொகுப்பாசிரியர் வில்லி ஹாஸ் நீக்கியே வெளியிட்டார். பிற்காலப் பதிப்பில் அவை சேர்க்கப்பட்டன. இலக்கியம் சில ஆண்டுகள் காத்திருப்பதால் கெட்டுவிடுவதில்லை. நம் தொகுப்பாசிரியர்களும், எழுதியவர் விருப்பம் யாது, பெற்றவர் இசைந்தாரா, பேசப்பட்டவர் நிலை என்ன என்னும் மூன்றையும் ஆராய்ந்து, நீக்கியவை உண்டெனில் அதனை முன்னுரையில் ஒளிக்காமல் சொல்வார்களாக.

இன்று கடிதத்தை வெளியிட அச்சுக்கூடமும் வேண்டியதில்லை. நம்பி ஒருவர் அனுப்பிய செய்தியைக் கைப்பேசியில் படமெடுத்து நூறு பேருக்கு நொடியில் அனுப்பிவிடலாம். ஆகவே இது தொகுப்பாசிரியர்களுக்கு மட்டும் உரிய அறமன்று. நம் ஒவ்வொருவருக்கும் உரியது. பிறர் கடிதம் கைக்கு வந்தால், உரக்க வாசிக்குமுன் சுற்றிலும் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். நாம் அன்று பார்க்கத் தவறினோம்.