அப்பாவின் தூண்டில்: கடைமடை ஆற்றை ரசிப்பது எப்படி?

தூண்டில் போடக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால், முதல் நாள் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அப்பா எனக்கு அப்படித்தான் ஆரம்பித்துவைத்தார். நாகூருக்கு மேற்கே வெட்டாற்றங்கரை. சைக்கிளைக் கருவேல மரத்தில் சாய்த்தார், எட்டு வயதுப் பெண்ணை மேட்டில் உட்காரவைத்தார். "தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்துச் சொல்லும்மா" என்றார். ஆறு கடலுக்குத்தானே போகும், இதில் என்ன கேள்வி என்று கிழக்கே கை காட்டினேன். அவர் ஒரு வைக்கோலைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். அது சாவகாசமாக மேற்கே நகர்ந்தது.

வங்கக்கடல் நாளுக்கு இரண்டு முறை ஆற்றுக்குள் ஏறி இறங்குகிறது. நாகைக் கரையில் அந்த ஏற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் டெல்டா தாம்பாளம் மாதிரித் தட்டை. அந்தக் கொஞ்ச உயரமே உப்புத் தண்ணீரை வெகுதூரம் உள்ளே தள்ளிவிடும். அதைத் தடுக்கத்தான் கடைமடையில் கதவு வைத்த ரெகுலேட்டர் பாலங்கள். கதவுக்கு மேற்கே நல்ல தண்ணீர்: கெண்டை, கெளுத்தி, குரவை, விரால். கிழக்கே உப்புக் கலந்த தண்ணீர்: மடவை, கொடுவா, இறால், நண்டு. பாலத்தில் இந்தப் பக்கம் நின்றால் ஒரு குழம்பு, அந்தப் பக்கம் நின்றால் வேறு குழம்பு என்பார் அப்பா. நேற்று ஐந்து மணிக்கு ஏறிய தண்ணீர் இன்று ஆறு மணியை ஒட்டித்தான் ஏறும். தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர், இந்தக் கணக்கை மட்டும் எந்த நோட்டிலும் எழுதியதில்லை. நிலாவைப் பார்த்துக்கொள்வார்.

எப்போது போகலாம் என்று கேட்பீர்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். நீர் இல்லாத வருடங்களில் அதுவும் தள்ளிப்போகும். கல்லணைக்கு மூன்று நாளில் வரும் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு ஆடி அசைந்துதான் வரும். வரும்போது பார்க்க வேண்டும். முன்னால் நுரை, சருகு, காய்ந்த வைக்கோல், யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு. வெடித்த ஆற்றுமண் தண்ணீரைக் குடிக்கும் சத்தம். அதற்குப் பிறகுதான் ஆறு. புதுத்தண்ணீரை எதிர்த்து மீன் ஏறும். அன்றைக்குத் தூண்டில் தேவையில்லை, கரையில் நின்று பார்த்தாலே போதும். ஐப்பசி மழையில் தண்ணீர் கலங்கி ஓடும்போது பேசாமல் வீட்டில் இருங்கள்.

இரண்டாம் நாள் தூண்டிலைத் தொடலாம். நல்ல மூங்கில் கழி, நரம்பு, முள், பட்டாணி அளவு ஈயம், மண்புழு. கடையில் விற்கிற பிளாஸ்டிக் தக்கையை அப்பா ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். குளத்தில் விளைகிற நெட்டியையோ மயிலிறகின் தண்டையோ நறுக்கிக் கட்டுவார். தஞ்சாவூரில் கோயிலும் கோபுரமுமாகச் செதுக்குகிறார்களே, அதே நெட்டிதான். அதற்கு எடையே கிடையாது. அடியில் நடக்கும் எதையும் மறைக்கத் தெரியாது.

இந்த விளையாட்டின் ருசி முழுக்கத் தக்கையில்தான் இருக்கிறது. தக்கை குளிரில் நடுங்குவதுபோல் நடுங்கிக்கொண்டே இருந்தால் கெண்டை. புழுவைக் கொறிக்கிறது, அவசரப்படாதீர்கள். கடிதம் பிடுங்குகிற குழந்தைபோல் வெடுக்கென்று பக்கவாட்டில் இழுத்தால் ஜிலேபி. (1952-ல் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன், இப்போது நம் குளமெல்லாம் அதன் பெயரில் பட்டா போட்டமாதிரி.) நேராகக் கீழே முங்கினால் கெளுத்தி, எடுக்கும்போது முள் கையில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏறினால் ராத்திரித் தூக்கம் போச்சு. தக்கை முங்காமல், ஆடாமல், உலாத்தப் போகிற ஆள்போல் மெல்ல நகர்ந்தால் நண்டு. எனக்கு நண்டுதான் பிடிக்கும். அப்பாவுக்கு, எதுவும் தொடாமல் தக்கை சும்மா நிற்கிற நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் அவர் வீட்டு விஷயம் பேசுவார்: அத்தைக்கு மாப்பிள்ளை, அண்ணனின் காலேஜ் ஃபீஸ், அம்மா இரண்டு நாளாக ஏன் பேசவில்லை. எல்லாவற்றையும் தக்கையைப் பார்த்தபடியே சொல்வார். முகத்தைப் பார்த்துச் சொல்ல வராத ஆள்.

முதல் மீனைத் திரும்ப ஆற்றில் விடுவார். இந்த ஊரில் அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்ட அதிபத்த நாயனார் நாகைக்காரர். ஆவணியில் இன்றும் கடலில் தங்கமீன் விட்டு விழா எடுக்கிறோம். அப்பாவுக்கு வாய்த்ததென்னவோ விரல் நீளக் கெண்டை. "நாயனாருக்குத் தங்கமீன், நமக்கு இதுக்கே மனசு வரமாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே விடுவார்.

விராலிடம் மட்டும் அவருக்குத் தனி மரியாதை. ஓரத்து நாணல் பக்கம், தண்ணீரின் மேல் குங்குமத்தைக் கரைத்த மாதிரி ஒரு கை அகலத்துக்குச் சிவப்பு தெரியும். உற்றுப் பார்த்தால் அது நூற்றுக்கணக்கான குஞ்சுகள். மூச்சுக்கு மேலே வந்து வந்து முத்து முத்தாகக் குமிழி விடும். அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் தூண்டிலைப் போட்டால் அது பசிக்காகக் கடிக்காது, குஞ்சுகளைக் காப்பாற்றக் கடிக்கும். நிச்சயம் மாட்டும். மாட்டிவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. அந்தச் சிவப்பைப் பார்த்தால் அப்பா தூண்டிலைச் சுருட்டிவிடுவார். பின்னால் பையன்கள் யாராவது தூண்டிலோடு வந்தால், சின்னக் கல்லை எடுத்து ஒன்றுமே தெரியாதவர்போல் தண்ணீரில் போடுவார். சிவப்பு சட்டென்று கரைந்து மறையும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நெடுநாள் அவர் ஆற்றுப் பக்கமே போகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒரு நாள் காலையில் கொல்லையில் மண்புழு தோண்டிக்கொண்டிருந்தார்.

ரசனையின் கடைசிப் படி சாப்பாடு. விராலையும் கெளுத்தியையும் அடுப்புச் சாம்பல் போட்டுக் கல்லில் தேய்த்தால்தான் வழுவழுப்பு போகும். குழம்பு மண்சட்டியில், சாப்பிடுவது மறுநாள் காலை, பழைய சோற்றோடு. எங்கள் வீட்டில் மீன்தலை அப்பாவுக்குத்தான். பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கிற தியாகமெல்லாம் அவரிடம் கிடையாது. தலையில் எந்த எலும்பை முதலில் பிரிக்க வேண்டும் என்று எங்களுக்குக் காட்டிக்காட்டியே முழுதும் தின்றுவிடுவார்.

மீன் கிடைக்காத நாள்கள்தான் அதிகம். விரால் குஞ்சைப் பார்த்துவிட்டுத் தூண்டிலைச் சுருட்டிய ஒரு சாயங்காலம், வரும் வழியில் மார்க்கெட்டில் நாலு மடவை வாங்கினார். "அம்மாகிட்ட ஆத்துல புடிச்சதுன்னு சொல்லு" என்று பையை என்னிடம் கொடுத்தார். சொன்னேன். அம்மா ஒரு மீனை எடுத்துச் செவுளுக்குள் விரலைவிட்டுப் பார்த்தாள்.

"வெட்டாத்துல இப்ப ஐஸு வேற போடுறாங்களா?"

அப்பா திண்ணையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழற்றினார்.