ஐந்திணைக் கோலத்திற் பெருந்திணை

அகவொழுக்கத்தை ஏழு திணையாகப் பகுத்த தொல்காப்பியர், முதலிற் கைக்கிளையையும் இறுதியிற் பெருந்திணையையும் நிறுத்தி, இடைநின்ற ஐந்தினையே ஒத்த அன்பின் திணைகளாகக் கொண்டார். ஒருபக்கத்து வேட்கை கைக்கிளை. பொருந்தாக் காமம் பெருந்திணை. விரும்பாதாளை விடாது தொடர்தல் காதலாகாது என்னும் தெளிவு இப்பகுப்பினுள்ளே உண்டு. அத்தெளிவினை இக்கால நகைச்சுவைக் காதற்படங்கள் பல இழந்துவிட்டன.

2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை நுங்கம்பாக்கம் இரயில் நிலையத்தில் இளம்பெண்ணொருத்தி வெட்டிக் கொல்லப்பட்டபின், பின்தொடர்தலைக் காதலெனக் காட்டும் படங்கள் பற்றித் தமிழகத்தில் வாதம் எழுந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் வெளிவந்தது பாக்கியராஜ் கண்ணனின் 'ரெமோ'. நடிகனாக விழையும் இளைஞன் பெண் மருத்துவர் ஒருவரை விரும்புகின்றான். அவருக்கு வேறிடத்து மணம் உறுதியானதை அறிந்தபின்னும் அவன் விலகினானல்லன். தாதி வேடம் பூண்டு, தோழியெனப் பழகி, அவர் மனத்தை மாற்ற முயல்கின்றான். வஞ்சனை வெளிப்பட்டும், முடிவில் அவர் அவனையே ஏற்கின்றார். வேடத்தைக் கண்டு நாம் நகைக்கின்றோம். அந்நகைப்பில், அப்பெண் உண்மையறிந்து இசைந்தாரா என்னும் வினா எழாமலே போகின்றது.

பண்டைத் தலைவனும் மடலேறுவேன் என்றானன்றோ எனச் சிலர் வினவலாம். வினா தக்கதே. பனங்கருக்கு அவன் உடலையே கிழிப்பினும், மறுகில் அவள் பெயர் பேசப்படுதலால் அச்செயல் அவளையும் நெருக்குவதாம். ஆதலின், மடலேறுவேன் எனக் கூறுமளவை ஐந்திணையுள் அமைத்து, ஏறியதனைப் பெருந்திணைப்பாற் படுத்தனர் நூலோர். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே அவர் இட்ட எல்லை இப்படங்களிற் காணப்படவில்லை.

இதனாற் குற்றம் நகைச்சுவையினுடையது என்று கொள்ளற்க. விக்கிரமனின் 'பூவே உனக்காக' (1996) படத்திலும் நாயகன் பேரனெனப் பொய் சொல்லியே ஒரு வீட்டினுட் புகுகின்றான். ஆங்கும் நகைப்புக்குக் குறைவில்லை. ஆனால், தான் விரும்பியவள் வேறொருவனை விரும்புதலை அறிந்து, அவ்விருவரையும் சேர்த்துவைத்தற்கே அப்பொய்யைப் பயன்படுத்துகின்றான். ஒரே உத்தி, ஒன்று அவளை அடைதற்கு, மற்றொன்று அவள் விருப்பத்தை நிறைவேற்றுதற்கு.

இவ்வேறுபாடு சப்பிரகமுவத் தோட்டங்களில் வாழும் நம்மவர்க்கு ஏட்டளவில் நிற்பதன்று. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் இளைஞர் பலர் தமிழகப் படங்களையே கண்டு வளர்கின்றனர். இறப்பர் மரங்களூடே செல்லும் பாடசாலைப் பாதையில் நாள்தோறும் ஒருவன் காத்து நிற்பானாயின், திரையில் அது பாட்டுக்குரிய காட்சி, அம்மாணவிக்கோ அச்சம். லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். செய்தி விரைவிற் பரவும். பழி அவள்மேல் விழும். பெற்றோர் அவள் படிப்பையே நிறுத்த எண்ணுவர். சொல்லாலும் செயலாலும் இழைக்கும் பாலியற்றொந்தரவை இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழிக் குற்றமாக்கியுள்ளது. எனினும், அச்சட்டத்தை அறியுமுன்னரே நம் இளைஞர் படத்தை அறிந்துவிடுகின்றனர்.

ஆகவே, அகத்திணையைத் தேர்வுக்கென மட்டும் கற்பியாது, திரைப்படங்களை ஆராய்தற்குரிய அளவுகோலாகவும் ஆசிரியர்கள் மாணவர் கையிற் கொடுத்தல் வேண்டும். அவள் மறுத்தபின் விலகி நிற்பவன் தோற்றவனல்லன் என்பதை மாணவர் உணர்வாராயின், அப்பாதையில் நடக்கும் சிறுமி அச்சமின்றிப் பாடசாலை சேர்வாள்.